பிரம்பைக் கொடுத்தவர் யார்?



பள்ளி திறக்கும் நாளில் நாம் எல்லாரும் கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தந்தை ஆசிரியர் முன் வந்து நிற்பார். "ஐயா, கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க. மத்தபடி எங்கே வேணுமானாலும் அடிச்சுப் படிக்க வையுங்க" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆசிரியரும் சிரிப்பார். பிள்ளை மட்டும் சிரிக்காது. அது ஆசிரியரின் மேசைமேல் இருக்கும் பிரம்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தந்தை கெட்டவர் அல்லர். பிள்ளை படித்து முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசையைத் தமக்குத் தெரிந்த சொற்களில் சொல்கிறார். ஆனால் சில மாதம் கழித்து அதே பிள்ளை கால் முழுதும் வரிவரியாகத் தடித்து வீடு திரும்பும்போது அவர் திகைத்துப் போகிறார். கேட்கலாமா, கூடாதா? கேட்டால் வாத்தியார் கோபித்துக்கொள்வாரா? நாம்தானே அடிக்கச் சொன்னோம்? இப்படிப் பல எண்ணங்கள். கடைசியில் பெரும்பாலும் தைலம் தடவிப் பிள்ளையைத் தூங்க வைத்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் பெற்றோர் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு. அதற்கு விடை சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். ஆசிரியர் கையில் பிரம்பைக் கொடுத்தவர் யார்? அந்தப் பிரம்புக்கு எல்லை வகுத்தவர் யார்? இவற்றைத் தெரிந்துகொண்டால், பள்ளி வாசலில் எப்படி நிற்பது என்பது தானே விளங்கும்.

நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் பழைய காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ தம் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. அந்தப் பள்ளிகளில் தண்டனை கடுமையாகவே இருந்தது. கோதண்டம் என்று ஒன்று இருந்தது. விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அந்தரத்தில் தொங்கவேண்டும். ஆசிரியர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை பிரம்பு எடுப்பான். இவற்றை நாம் புகழ்வதற்கில்லை.

இருந்தாலும் அங்கே ஒரு காப்பு இருந்தது. திண்ணை தெருவைப் பார்த்தது. உள்ளே நடப்பது போகிறவர் வருகிறவர் கண்ணுக்குத் தெரியும். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவர்களும் பெற்றோர்களே. நெல்லாகவும் காசாகவும் அவர்கள் கொடுத்ததை வைத்துத்தான் அவர் குடும்பம் நடந்தது. அதனால் அடி அளவு மீறினால் கேட்கக்கூடிய நிலையில் பெற்றோர் இருந்தனர்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. இங்கே பால்மரம் வெட்ட வந்தவர்களில் பலருடைய குடும்பத்துக்கு அந்தத் திண்ணையில் இடமே இருக்கவில்லை. சாதியின் பேரால் தெருவிலேயே நடக்கவிடாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தம் பிள்ளை சிலேட்டுப் பலகையோடு உட்கார்ந்திருப்பதை அவர்கள் முதன்முதலாகக் கண்டது இந்த மலாயாத் தோட்டத்தில்தான். ஆகவே எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மனிதரை அவர்கள் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்ததில் வியப்பில்லை. அந்த மரியாதை உயர்ந்தது. அதோடு அச்சமும் சேர்ந்துகொண்டதுதான் நம் கதை.

தோட்டப் பள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள். ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது; அதுவும் 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் முடிவுக்கு வந்தது. இடையில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி அங்கே பள்ளிக்கூடம் நடத்தவேண்டும் என்று சொன்னது. பள்ளிகள் பெருகின. ஆனால் பல இடங்களில் அவை ஒரு கொட்டகைதான். படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ, கங்காணியோ, கிராணியோ ஓய்ந்த வேளையில் ஆசிரியராகவும் இருப்பார்.

இங்கே நிலைமை திண்ணைக்கு நேர்மாறாயிற்று. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது துரையின் ஆபீஸ். பள்ளி நடக்கும் வேளையில் தாயும் தகப்பனும் பால்காட்டில் இருப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பள்ளி விட்டிருக்கும். அங்கே நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. தவிரவும், வேலைக்காட்டில் பேரைக் கிழிக்கும் அதிகாரமுள்ள கங்காணியோ கிராணியோ பள்ளியில் பிரம்பு பிடித்தால், அவரிடம் போய், "ஏன் என் பிள்ளையை அடித்தீர்கள்?" என்று எந்தத் தகப்பன் கேட்பான்? அவன் முதுகே அடிக்குப் பயந்த முதுகு. தகப்பனைக் குனியவைத்த அதே அதிகாரம் பிள்ளையையும் குனியவைத்தது. கேட்காமல் இருந்து இருந்து, கேட்கக்கூடாது என்பதே வழக்கமாயிற்று. நாளடைவில் அந்த வழக்கத்துக்கு மரியாதை என்று பெயரும் வந்துவிட்டது.

இனி, சட்டத்தின் கதைக்கு வருவோம். இதற்கு நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டும். ஏனெனில் நம் நாட்டுச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

1860ஆம் ஆண்டு ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை ஊரில் தாமஸ் ஹாப்லி என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். அவரிடம் தங்கிப் படித்த ரெஜினால்ட் கான்சலர் என்ற மாணவன் பாடத்தில் பின்தங்கியிருந்தான். அவன் பிடிவாதக்காரன் என்று ஆசிரியர் கருதினார். அடித்துத் திருத்த அனுமதி வேண்டும் என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். தகப்பனாரும் சம்மதித்துப் பதில் எழுதினார். ஏப்ரல் மாதத்து இரவொன்றில் ஆசிரியர் அவனைக் கயிற்றாலும் தடியாலும் நெடுநேரம் அடித்தார். மறுநாள் பையன் இறந்து கிடந்தான்.

வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி காக்பர்ன், பெற்றோரோ பெற்றோரின் பொறுப்பை ஏற்ற ஆசிரியரோ பிள்ளையை மிதமாகவும் நியாயமாகவும் தண்டிக்கலாம் என்றார். ஆனால் கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அடித்தாலும், அளவு மீறினாலும், பிள்ளை தாங்கமாட்டாத அளவுக்கு நீடித்தாலும், அடிக்கத் தகாத பொருளால் அடித்தாலும் அது குற்றமே என்றும் எல்லை வகுத்தார். ஹாப்லிக்கு நான்கு ஆண்டுக் கடுங்காவல் கிடைத்தது. தகப்பனாரின் சம்மதக் கடிதம் அவரைக் காப்பாற்றவில்லை.

அதே 1860ஆம் ஆண்டில்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதை ஒட்டியே 1871இல் நீரிணைக் குடியேற்றங்களிலும், பின்னர் சிலாங்கூர் முதலிய மாநிலங்களிலும் தண்டனைச் சட்டம் வந்தது. அதில் 89ஆம் பிரிவு ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மையைக் கருதி, நல்லெண்ணத்தோடு, காப்பாளரோ காப்பாளரின் சம்மதம் பெற்றவரோ செய்யும் செயல் குற்றமாகாது என்று அது சொல்கிறது. கொடுங்காயம் விளைவித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் வரம்பு கட்டுகிறது.

நேயர்களே, இந்த இரண்டிலும் இழையோடும் கருத்தைக் கவனியுங்கள். பழைய சட்டத்தின் கண்ணில் ஆசிரியரின் பிரம்பு அவருடைய சொந்தச் சொத்தன்று. அது பெற்றோர் இரவல் கொடுத்தது. பிள்ளையின் நன்மைக்கென்று கொடுத்தது. இரவல் கொடுத்த பொருளை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்பது கொடுத்தவரின் உரிமை. மண்வெட்டியை இரவல் கொடுத்தால்கூட அது முறிந்து வந்தால் கேட்கிறோம். பிள்ளையின் உடம்பு முறிந்து வந்தால் கேட்கக்கூடாதா?

அப்படிக் கேட்பது நம் மக்களுக்குப் புதிது என்று எண்ணாதீர்கள். நம் கிள்ளான் மண்ணிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். கூலி உயர்வுக்காக நடந்த போராட்டம் என்றே பலரும் சொல்வார்கள். கூலியும் கேட்டார்கள், சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அதே கூலி வேண்டும் என்றார்கள். ஆனால் அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை முழுதும் பாருங்கள். தொழிலாளரைக் கொடுமையாக நடத்தும் மேற்பார்வையாளர்களை நீக்கவேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும். துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். குறைகளைச் சொன்னவர்களைப் பழிவாங்கக்கூடாது.

சைக்கிளும் பள்ளிக்கூடமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. தனக்கு மானம் வேண்டும், பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை இறக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நாம், ஒரு தலைமையாசிரியர் அறையின் கதவைத் தட்டத் தயங்கலாமா?

நாடு விடுதலை அடைந்தபின் பள்ளிகள் ஒரே கல்விச் சட்டத்தின்கீழ் வந்தன. 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை ஒட்டி 1959இல் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் வகுக்கப்பட்டன. இவற்றைப் பெற்றோர் யாவரும் தெரிந்துகொள்ளவேண்டும். பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும், அவர் அந்தப் பொறுப்பை ஒப்படைத்த ஆசிரியருக்கும் மட்டுமே உண்டு. மெல்லிய பிரம்பையே பயன்படுத்தவேண்டும். உள்ளங்கையிலோ, உடைக்கு மேலாகப் பின்புறத்திலோதான் அடிக்கலாம். பெண்பிள்ளைகளுக்குப் பிரம்படி கூடவே கூடாது. 2003ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு, ஆசிரியர் பிரம்படி கொடுக்கும் அதிகாரம் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பி இவற்றை மறுபடியும் நினைவூட்டியது.

அப்படியானால் கன்னத்தில் அறைவதற்கும், காதைத் திருகுவதற்கும், தலையில் குட்டுவதற்கும், அடிமட்டத்தால் முட்டியில் அடிப்பதற்கும், முதுகில் குத்துவதற்கும் எந்த விதியில் இடம் இருக்கிறது? எதிலும் இல்லை. "வாத்தியார்தானே, அடிக்கலாம்" என்ற பேச்சு வழக்கத்தில் இருக்கிறது, விதியில் இல்லை.

இதை நான் உயரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. நானும் பிரம்பு எடுத்தவன்தான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிது. தோட்டப் பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பு. ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வருவான், வகுப்பில் தூங்குவான். இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்குக் கோபம். அடிமட்டத்தை எடுத்துக் காலில் நாலைந்து அடி. அவன் அழவில்லை, அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

மறுநாள் காலை மணி அடிக்குமுன் அவன் தகப்பனார் வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். வேலைக்கு அரைநாள் சொல்லிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, நீங்க படிச்சவங்க. எம் பையன் தப்பு செஞ்சா நீங்க கண்டிக்கணும். அதுல எனக்கு மாற்றுப் பேச்சு இல்லே. ஆனா அவன் கால்ல நாலு தடிப்பு இருக்கு. அது எந்தத் தப்புக்கு, எந்த அளவுக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. அவங்கம்மா கேக்கறா, எனக்குச் சொல்லத் தெரியலே" என்றார்.

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவரே சொன்னார்: மனைவிக்கு உடம்பு சரியில்லை, கைக்குழந்தையை இரவெல்லாம் பார்த்துக்கொள்வது இந்தப் பையன்தான். அவன் ஏன் தூங்குகிறான் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் என்னோடு நின்றுவிடவில்லை; தலைமையாசிரியரிடமும் போய்ச் சொன்னார். தலைமையாசிரியர் கோப்பிலிருந்து அந்தச் சுற்றறிக்கையை எடுத்து என் முன் வைத்தார். எனக்கு அடிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை. அது எங்கள் பள்ளியிலேயே இருந்தது, நான் படிக்கவில்லை. தகப்பனார் முன்னிலையில் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் நான் அடிமட்டத்தைக் கோடு போட மட்டும் எடுக்கிறேன். என்னைத் திருத்தியது பயிற்சிக் கல்லூரியன்று. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த மனிதரே.

பெற்றோர் இப்படிக் கேட்டு நாடுகளின் சட்டமே மாறியதும் உண்டு. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் கையில் தோல்வாரால் அடிக்கும் வழக்கம் இருந்தது. கிரேஸ் கேம்ப்பெல் என்ற தாய், என் மகனை அப்படி அடிக்கமாட்டோம் என்று உறுதி கொடுங்கள் எனக் கேட்டார். அதிகாரிகள் மறுத்தார்கள். ஜேன் கோசன்ஸ் என்ற மற்றொரு தாயின் மகன், 1976இல் அந்தத் தண்டனையை ஏற்க மறுத்ததால் பள்ளியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டான். இரு தாய்மாரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பிள்ளையை அடிக்கக்கூடாது என்ற பெற்றோரின் கொள்கையை அரசாங்கம் மதிக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1986இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் அடியை நிறுத்தியது. ஹாப்லியின் நாட்டிலேயே பிரம்பு ஓய்ந்தது.

டெல்லியில் பெற்றோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், பிள்ளைகளை அடிக்க இடங்கொடுத்த பள்ளி விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதி திருத்தப்பட்டு அடி தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தியா முழுவதும் அதைத் தடுத்தது. இலங்கையில் ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனும் அவன் பெற்றோரும் உச்சநீதிமன்றம் சென்றார்கள். 2021 பிப்ரவரியில் நீதியரசர் துரைராஜா எழுதிய தீர்ப்பு, அது கொடூரமான, இழிவான நடத்தை என்று கூறி இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஆசிரியர் ஒன்றரை லட்சம் ரூபாயும், அரசு ஐந்து லட்சம் ரூபாயும் கொடுக்கவேண்டியதாயிற்று.

நம் நாடு 1995இல் பிள்ளைகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் சில ஒதுக்கீடுகளோடு சேர்ந்தது. 2001ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம், பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குக் கேடு விளைவித்தால் குற்றம் என்று 31ஆம் பிரிவில் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் அதற்குரிய தண்டனையைக் கூட்டியது.

இனி, செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். தாள் எடுத்துக் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். "நீ என்ன செஞ்சே?" என்று அதட்டிக்கொண்டே தொடங்காதீர்கள். வீட்டிலும் ஓர் அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது; காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்து, நடந்ததை அதன் வாயாலேயே சொல்லவிடுங்கள். நீங்கள் சொற்களை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, உடம்பைப் பாருங்கள். தடிப்போ வீக்கமோ இருந்தால் அன்றே தோட்டத்து மருந்தகத்துக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ கொண்டுபோங்கள். கீழே விழுந்துவிட்டான் என்று வெட்கப்பட்டுச் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால் டாக்டர் அப்படியே எழுதுவார். இன்று வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கிறது. காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். தடிப்பு ஒரு வாரத்தில் மறைந்துவிடும்; எழுத்தும் படமும் மறையமாட்டா.

மூன்றாவது, எழுதி வையுங்கள். எந்த நாள், எந்த நேரம், யார், எதனால், எந்த இடத்தில் அடித்தார், பார்த்த பிள்ளைகள் யார் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உங்களால் முடியாவிட்டால் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளையோ, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரோ எழுதிக் கொடுப்பார். வசைச்சொல் ஒன்றும் வேண்டாம். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைப் பள்ளியில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குச் சாப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, தலைமையாசிரியரைப் பாருங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே மூன்று கேள்விகள் போதும். என் பிள்ளையை அடித்தவருக்கு அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்ததா? விதி சொல்லும் இடத்தில், விதி சொல்லும் பிரம்பால்தான் அடித்தாரா? இனி இது நடவாது என்பதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கோபத்தோடு வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியரைத் திட்டுவதும் கை ஓங்குவதும் கூடாது. அப்படிச் செய்தால் அடிபட்ட பிள்ளையின் வழக்கு மறைந்துபோய், அடித்த பெற்றோரின் வழக்கு தொடங்கிவிடும். பிள்ளையும் எல்லார் முன்னிலும் கூனிப்போகும்.

ஐந்தாவது, பள்ளியில் நியாயம் கிடைக்காவிட்டால் மேலே போங்கள். கிள்ளான், கோலலங்காட், உலு லங்காட், சிப்பாங், பெட்டாலிங் ஆகிய மாவட்டங்களில் மாவட்டக் கல்வி இலாகா இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் முதலிய நகரப் பகுதிகளில் உள்ளோருக்குக் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகா இருக்கிறது. உங்கள் கடிதத்தின் படியோடு போகலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், பள்ளியில் பிரம்பு விதி என்ன என்று கேட்பதும் நல்லது. ஒருவர் கேட்டால் தொல்லைக்காரர் என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் விதியை எடுத்து வாசிப்பார்கள்.

ஆறாவது, காதிலோ தலையிலோ அடிபட்டாலும், எலும்பு முறிந்தாலும், பிள்ளை மயங்கினாலும் கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டாம். அன்றே அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். "போனது போகட்டும், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்று யாராவது சமாதானத்துக்கு வந்தால், முதலில் பிள்ளைக்கு மருந்து, பிறகு பேச்சு என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாவது, பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். மனம் வெறுத்துப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். தவறு செய்தவர் ஒருவர். தண்டனை அடைந்தது பிள்ளை. வேறு வகுப்புக்கு மாற்றும்படி கேளுங்கள். தேவையானால் வேறு பள்ளிக்கு மாற்றுங்கள். புத்தகப்பையை மட்டும் ஆணியில் மாட்டிவிடாதீர்கள்.

கேட்டால் பிள்ளையைப் பழிவாங்கிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் எழுத்தில் கேளுங்கள், சாப்பு வாங்குங்கள், துணைக்கு ஆள் கொண்டுபோங்கள் என்கிறேன். இரகசியமாகப் பேசிய பேச்சுக்குப் பின்னால்தான் பழிவாங்குதல் எளிது. கடிதம் கோப்பில் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளையைத் தொடுமுன் எவரும் யோசிப்பார்கள். குறை சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது என்று 1941இல் கிள்ளான் தொழிலாளர் கேட்டார்கள் அல்லவா? அவர்களுக்கும் இதே அச்சம் இருந்தது. அச்சத்தோடுதான் கேட்டார்கள்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். நம்மில் மிகப் பலர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே நடத்துகிறவர்கள். சொந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்களையும் நான் அறிவேன். பெற்றோர் கேள்வி கேட்பதை நாம் அவமானமாகக் கொள்ளவேண்டியதில்லை. பால்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை செய்துவிட்டு வந்து ஒருவர் நம்மிடம் கேள்வி கேட்கிறார் என்றால், தம் பிள்ளையின் படிப்பில் அவருக்கு அக்கறை வந்துவிட்டது என்று பொருள். அதைத்தானே நாம் எந்நாளும் வேண்டிக்கொண்டிருந்தோம்?

முடிவாக, அந்தப் பள்ளி திறக்கும் நாளுக்கே திரும்புவோம். அடுத்த ஆண்டு உங்கள் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஆசிரியர் முன் போய் நிற்பீர்கள். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்ற பழைய வார்த்தை வாய் நுனிவரை வரும். அதை விழுங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, என் பிள்ளையை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன். நல்லாப் படிக்க வையுங்க. தப்பு செஞ்சா எனக்குச் சொல்லி அனுப்புங்க; நான் வந்து நிக்கிறேன்."

இரண்டே நொடிப் பேச்சுத்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.